எலும்பு பொருந்தியது, கை நிமிரவில்லை: டூர்னிகே பட்டையால் வந்த நரம்புப் பாதிப்பு

அம்மாவின் வலது முன்கையில் இரண்டு எலும்பும் உடைந்து, பிளேட் வைத்து ஒபரேஷன் செய்தார்கள். எலும்பு அருமையாகப் பொருந்தியது. எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர்மார் எல்லோருக்கும் திருப்தி. ஆனால் கை மணிக்கட்டிலிருந்து தொங்கியது. விரலை மடக்க முடிந்தது, நிமிர்த்த முடியவில்லை. கட்டைவிரல் உள்ளங்கைக்குள்ளேயே கிடந்தது. கோளாறு உடைந்த இடத்தில் இல்லை. ஒபரேஷன் நேரத்தில் இரத்தம் வராமலிருக்க மேற்கையில் கட்டிய பட்டைக்கு அடியில் இருந்தது.

இப்படி ஒன்று வரும் என்று எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒருவருக்கும் தெரியாது. இலங்கை மலைநாட்டில் கை கால் முறிவுக்குக் குறைவே இல்லை. மழைக்காலத்தில் மலையில் சறுக்குகிறார்கள், கானைத் தாண்டும்போது விழுகிறார்கள், குளவி துரத்தி ஓடி உருள்கிறார்கள். பலருக்கு ஏதாவது ஒரு ஒபரேஷன் நடக்கிறது. அவர்களில் யாருக்காவது கை இப்படித் தொங்கினால் வீட்டார் என்ன செய்யலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை, தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அம்மாவோடு கிளினிக் கிளினிக்காக அலைந்ததில் கேட்டதும் பார்த்ததும்தான் இது.

பட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிரஷர் பார்க்கும்போது கையில் சுற்றுவார்களே, அதே வகைதான், ஆனால் இன்னும் வலுவானது. டூர்னிகே என்பார்கள். காற்றடித்து இறுக்கினால் அதற்குக் கீழே இரத்த ஓட்டம் நின்றுவிடும். நரம்பு, தசை, எலும்பு எல்லாம் இரத்தம் மூடாமல் தெளிவாகத் தெரியும், வேலை சுத்தமாக நடக்கும். காற்றுப் பட்டையை 1904 இல் கொண்டுவந்தவர் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர். அதற்கு முன் ரப்பர் பட்டையை இறுக்கிச் சுற்றினார்கள். அதில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்குக் கைக்கு 200 முதல் 250 மில்லிமீட்டர் மெர்குரி வரை, காலுக்கு அதைவிடக் கூட வைப்பது வழக்கம். நேரம் இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டாமல் பார்ப்பார்கள். தாண்ட வேண்டி வந்தால் இடையில் காற்றை இறக்கி, 10, 15 நிமிடம் இரத்தம் ஓடவிட்டு மறுபடி இறுக்கலாம்.

இவ்வளவு கவனத்துக்குள்ளும் சிலருக்கு நரம்பு நசுங்கிவிடுகிறது. 1974 இல் ஆஸ்திரேலியாவில் எடுத்த பழைய கணக்கொன்று கையில் 5,000 ஒபரேஷனுக்கு ஒன்று, காலில் 13,000 க்கு ஒன்று என்கிறது. அபூர்வம்தான். அந்த ஒன்று நம் வீட்டில் வந்தால் அபூர்வம் என்ற சொல்லால் ஒரு பிரயோசனமும் இல்லை.

முதல் நாள் யாரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அம்மாவுக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை, கழுத்தடியில் ஊசி போட்டுக் கையை மட்டும் விறைக்க வைத்தார்கள். அந்த விறைப்பு சில மணித்தியாலம் இருக்கும், சிலருக்கு மறுநாள் வரைக்கும் இழுக்கும். இரவு முழுக்க அம்மா “கை செத்துப்போன மாதிரி கெடக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வார்ட் மிஸ், மருந்து இறங்கவில்லை, காலையில் சரியாகிவிடும் என்றார். காலையில் விரல்கள் மடங்கத் தொடங்கின, வலியும் வந்தது. அதாவது ஊசி மருந்து இறங்கிவிட்டது. மணிக்கட்டு மட்டும் எழும்பவில்லை. வலி வந்த பிறகும் அசைவு வராவிட்டால் அதை மருந்தின் மேல் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே டொக்டரிடம் சொல்லி, ஹொஸ்பிட்டல் டிக்கெட்டில் எழுத வைக்க வேண்டும்.

எழுத வைத்தது ஒரு இளம் டொக்டர். கட்டிலருகில் உட்கார்ந்து “அம்மே, மெஹெம கரன்ன” (அம்மா, இப்படிச் செய்யுங்கள்) என்று சிங்களத்தில் சொல்லித் தன் கையால் செய்து காட்டினார். கட்டைவிரலை மேலே தூக்கிக் காட்டச் சொன்னார்: முடியவில்லை. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வளையம் போடச் சொன்னார்: போட்டார். விரல்களை அகட்டச் சொன்னார்: உள்ளங்கையை மெத்தையில் தட்டையாக வைத்துக் கொடுத்த பிறகு அகட்டினார். கைக்கு மூன்று பெரிய நரம்பு, மூன்று சைகை. முதலாவது ரேடியல் நரம்பு. மணிக்கட்டையும் விரல்களையும் கட்டைவிரலையும் நிமிர்த்துவது அதுதான். இரண்டாவது மீடியன், மூன்றாவது அல்னர். மூன்றையும் பார்க்க ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. பாஷை தெரியாதவரும் செய்து காட்டலாம். வார்டில் சிங்களம் மட்டும் தெரிந்தவர்கள் முன்னால் அம்மா “முடியல” என்று சொல்லிச் சொல்லிச் சோர்ந்துபோன விஷயம் இந்த மூன்று சைகையில் புரிந்துவிட்டது.

அடுத்த நாள் பெரிய டொக்டர் வந்தார். அவருக்கு இரண்டு சந்தேகம். பிளேட் வைத்த இடத்தில் நரம்பு பட்டிருக்கலாம், அல்லது மேலே பட்டையில் நசுங்கியிருக்கலாம். முழங்கையை மடக்கி, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி வைத்து, அழுத்திப் பிடித்தார். முழங்கைக்குப் பக்கத்தில் புடைத்து எழும்ப வேண்டிய தசை எழும்பவில்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில், கையின் பின்பக்கம் பஞ்சால் தடவினால் தெரியவில்லை. முழங்கையை நீட்டும் பலம் மட்டும் நன்றாக இருந்தது. அந்தப் புடைக்கும் தசைக்குக் கிளை பிரிவது உடைந்த இடத்துக்கு மேலே. ஆகவே நசுங்கியதும் மேலேதான். ரேடியல் நரம்பு மேற்கை எலும்பை ஒட்டியே சுற்றி வருவதால், பட்டை இறுகும்போது எலும்புக்கும் பட்டைக்கும் நடுவில் அதுதான் முதலில் மாட்டும். காலில் இதே மாதிரி மாட்டுவது தொடைக்குப் பின்னால் போகும் சயாட்டிக் நரம்பு.

ஒபரேஷன் குறிப்பில் பட்டை இறுக்கிய நேரம், இறக்கிய நேரம், அழுத்தம் எல்லாம் எழுதுவது வழக்கம். கேட்டேன், காட்டினார்கள். நேரம் இரண்டு மணித்தியாலத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. இடையில் ஏன் இறக்கவில்லை என்றதற்கு நேரான பதில் வரவில்லை. எலும்பு துண்டு துண்டாக உடைந்திருந்தது, பாதியில் விட்டுவிட்டு வர முடியாது என்பது எனக்கும் விளங்குகிறது. அளவுக்குள் கட்டியவர்களுக்கும் இது வருகிறது என்பதும் தெரியும். ஆனாலும் அந்தக் கோபம் முழுசாக ஆறவில்லை. கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் செய்த ஒரு வேலை, வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில் “ரேடியல் நரம்புப் பாதிப்பு” என்பதையும் பட்டை கட்டிய நேரத்தையும் எழுதித் தரும்படி கேட்டது. பிறகு போன ஒவ்வொரு இடத்திலும் முதலில் பார்த்தது அந்த வரியைத்தான்.

நரம்பு எப்படி நசுங்குகிறது என்பதை டொக்டர் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் கரண்ட் வயர் மாதிரிக் கீறிக் காட்டினார். உள்ளே கம்பி, மேலே உறை. உறை மட்டும் பழுதானால் கம்பி அறுந்திருக்காது, கரண்ட் அந்த இடத்தில் மட்டும் நிற்கும். சில கிழமைகளில், கூடினால் மூன்று மாதத்துக்குள் தானாகச் சரியாகும். பட்டையால் வருவதில் பெரும்பாலானது இந்த வகை. கம்பியே அறுந்தால் மேலிருந்து புதிதாக வளர்ந்து வர வேண்டும். அது நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மேற்கையிலிருந்து கட்டைவிரல் தசைக்கு வந்து சேர எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1972 இல் லண்டனில் பபூன் குரங்குகளின் காலில் பட்டை கட்டி, நரம்பை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். நரம்பின் உறை, பட்டையின் இரண்டு விளிம்புக்கும் கீழே, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த மாதிரிச் சுருண்டு தள்ளப்பட்டிருந்தது. பட்டைக்கு நடுவில் பாதிப்பு குறைவு. அதனால் இரத்தம் நின்றது மட்டும் காரணமில்லை, விளிம்பில் விழும் அழுக்கமே பெரிய காரணம் என்று தெரிந்தது. அடிபட்டவையும் தடித்த இழைகளே. தசையை அசைப்பதும் மெல்லிய தொடுதலை உணர்வதும் தடித்த இழைகள். வலியும் சூடும் போவது மெல்லிய இழைகளில், அவை பெரும்பாலும் தப்பிவிடும்.

இது தெரிந்தது எங்களுக்குப் பெரிய உதவி. பக்கத்துக் காம்பரா அக்கா ஒருவர் ஊசியால் லேசாகக் குத்திப் பார்த்துவிட்டு, “குத்துனா தெரியுதே, அப்புறம் என்ன மரத்துப்போச்சு? மனசுதான் காரணம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்த நோயின் சுபாவமே அதுதான் என்று சொல்லிப் புரியவைத்த பிறகுதான் அவர் நிம்மதியானார்.

வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் செய்ததில் முக்கியமானது மூட்டைக் காப்பாற்றியது. பிசியோதெரபி மிஸ், பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளை, நல்ல தமிழில் சொன்னார்: “நரம்பு அது பாட்டுக்கு வரும்மா. மூட்டு அப்படி இல்ல, விட்டா இறுகிரும். நரம்பு வந்து சேரும்போது மூட்டு இறுகிக் கெடந்தா என்ன பிரயோசனம்?” மணிக்கட்டைக் கொஞ்சம் மேல்நோக்கி நிமிர்த்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று செய்து தந்தார். அதைப் போட்டதும் விரல்களின் பிடி உடனே பலமானது. மணிக்கட்டு தொங்கினால் நல்ல விரலாலும் இறுக்கிப் பிடிக்க முடியாது. உங்கள் மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொண்டு விரலை மடக்கிப் பாருங்கள், விளங்கும். தாங்கியைப் போட்டுக்கொண்டு அம்மா அன்றைக்கே தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினார்.

தாங்கியைக் கழற்றி, இடது கையால் வலது மணிக்கட்டை, விரல்களை, கட்டைவிரலை ஒவ்வொன்றாக முழுசாக நிமிர்த்தி மடக்குவது பயிற்சி. காலை, பகல், பின்னேரம், படுக்கப் போகும்போது. வலிக்கும் வரை இழுக்கக் கூடாது, எலும்பு ஆறுகிற காலம். அசைவு லேசாகத் துடிக்கத் தொடங்கிய பிறகு இன்னொன்று சேர்ந்தது. மேசையில் கொஞ்சம் பவுடர் தூவி, கையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, மணிக்கட்டைப் பின்னுக்கு நகர்த்துவது. கையின் பாரத்தைத் தூக்க வேண்டியதில்லை, வழுக்கிக்கொண்டு போகும். அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு முயன்று, பவுடரில் விழுந்த கோட்டின் நீளத்தைப் பார்த்து அன்றைய நிலவரத்தைச் சொல்வார். களைத்ததும் விட்டுவிட வேண்டும். களைத்த தசையைப் போட்டு உலுக்குவதில் லாபமில்லை.

போலியான முன்னேற்றம் ஒன்று இருக்கிறது, அதில் நிறையப்பேர் ஏமாறுகிறார்கள். இறுக்கி முட்டிபிடித்தால் மணிக்கட்டு கொஞ்சம் எழும்பின மாதிரித் தெரியும். மணிக்கட்டு தொங்கும்போது விரல்கள் தானாக நீளும். விரல் நுனி மூட்டுகளை அல்னர் நரம்பும் நிமிர்த்தும். இதையெல்லாம் பார்த்து “கை வந்துவிட்டது” என்று தாங்கியைக் கழற்றி எறியக் கூடாது. முழங்கைப் பக்கத்துத் தசை புடைக்கிறதா, விரல்களைத் தளர்த்தி வைத்துக்கொண்டே மணிக்கட்டு எழும்புகிறதா, விரலடி மூட்டு நிமிர்கிறதா என்பதுதான் கணக்கு. திரும்பி வரும் வரிசையும் அதேதான்: முழங்கைப் பக்கம், மணிக்கட்டு, விரல்கள், கடைசியாகக் கட்டைவிரல்.

லயத்து வைத்தியத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எண்ணெய் காய்ச்சி ஊற்றி, பத்துப் போட்டு, துணியால் இறுக்கிக் கட்டினால் நரம்பு எழும்பும் என்று ஆளுக்காள் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். நசுங்கிய நரம்புக்கு மறுபடி இறுக்கிக் கட்டுவதைவிடக் கெடுதல் இல்லை. சூடு வைப்பதும் வேண்டாம். சூடு தெரியும் இழைகள் பெரும்பாலும் தப்பினாலும் அதை நம்பிவிட முடியாது, தொடுகை சரியில்லாத தோல் சுடுவதைச் சரியாகச் சொல்லாமல் விடலாம். எங்கள் வீட்டில் விறகு அடுப்பு. சட்டி இறக்கும் வேலையை அம்மா இடது கைக்கு மாற்றிக்கொண்டார், சுடுதண்ணியையும் இடது கையால் தொட்டுப் பார்த்த பிறகே வலது கையை நனைப்பார். காயம் ஆறிய பிறகு, பிசியோ மிஸ் சரி சொன்ன பிறகு, தேங்காயெண்ணெய் தடவி மெதுவாக உருவிவிட்டோம். ஊர் வாய்க்கும் அது போதுமாக இருந்தது.

அந்த நாட்களில் கிளினிக் திகதிக்காகக் காத்திருக்கக் கூடாத ஒன்றும் உண்டு. கை வீங்கி, கல்லு மாதிரி இறுகி, மருந்துக்கு அடங்காத வலி கூடிக்கொண்டே போய், விரலை மற்றவர் நிமிர்த்தினால் துடித்துப்போகும் வலி வந்தால், தசைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். அது மணித்தியாலக் கணக்கில் கையைக் கெடுத்துவிடும். இரவோ பகலோ 1990 என்ற நம்பரில் சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கு அடித்துவிட வேண்டும். அம்புலன்ஸ் இலவசம். ரோட்டுக்கு மேலே இருக்கிற லயம் என்றால் ஆளைத் தூக்கிக்கொண்டு சந்திக்கு இறங்கி நிற்கிற ஏற்பாட்டையும் போன் எடுக்கும்போதே செய்ய வேண்டும்.

நரம்புச் சோதனைக்குக் கண்டிக்குப் போகச் சொன்னார்கள். முதல் கிழமையிலேயே போனால் சரியான படம் கிடைக்காதாம். கம்பி அறுந்திருந்தால் தசையில் அதன் அடையாளம் தெரிய மூன்று கிழமையாவது வேண்டும். அட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைவு வளைவாக இறங்கும் பஸ். தாங்கி போட்டவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, நல்ல கை முன் சீட்டுக் கம்பியைப் பிடிக்கிற மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள். சோதனை கொஞ்சம் வலிக்கும், கரண்ட் அடிக்கிற மாதிரி ஒன்று, தசைக்குள் மெல்லிய ஊசி ஒன்று. அம்மாவுக்குப் பெரும்பகுதி உறைப் பாதிப்பு, கொஞ்சம் கம்பிப் பாதிப்பும் என்று வந்தது. மாத்திரைகள் தந்தார்கள். இரவில் எரிச்சலுக்குத் தந்தது தூக்கத்தைக் கொடுத்தது, வேறு சொல்ல ஒன்றுமில்லை.

ஆனியில் ஒபரேஷன். ஆடி முடியும்போது முழங்கைத் தசை புடைத்தது. தீபாவளிக்கு முன்னால் மணிக்கட்டு நிமிர்ந்தது, தைப்பொங்கலுக்குப் பானை இறக்கும் அளவுக்கு விரல்கள் வந்தன. கட்டைவிரல் இன்னும் முழுப் பலமில்லை. ஒவ்வொரு கிளினிக்கிலும் டொக்டர் முன்கையில் விரலால் தட்டிக்கொண்டே இறங்குவார். ஒரு இடத்தில் தட்டும்போது கையின் பின்பக்கம் சுரீர் என்று ஓடும். அங்கே பேனையால் புள்ளி வைத்து, முழங்கையிலிருந்து எத்தனை சென்ரிமீட்டர் என்று கொப்பியில் எழுதுவார். புள்ளி கீழே இறங்கினால் நரம்பு வளர்கிறது. மாதக்கணக்கில் இறங்காமலேயே நின்றால், அசைவும் வராவிட்டால், வேறு தசையின் தசைநாணை மாற்றிப் பொருத்தும் ஒபரேஷன் இருக்கிறது. ஆகவே “வந்தா வரட்டும்” என்று கிளினிக்கை விட்டுவிடக் கூடாது.

வேலை விஷயம். தேயிலைக் கொழுந்து கிள்ளுவது விரல் வேலை என்று வெளியாட்கள் நினைப்பார்கள். கிள்ளிய கைப்பிடியைத் தோளுக்கு மேலே பின்னால் எறிவது மணிக்கட்டு. கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். டொக்டரிடம் இலகு வேலைக் கடிதம் வாங்கி ஆபீசில் கொடுத்தோம். கொஞ்சக் காலம் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில்) நின்றார், பிறகு மலைக்குப் போனார். விழுந்தது வேலை நேரத்தில் என்றால் அன்றைக்கே தோட்ட ஆபீசில் எழுத்தில் பதிய வையுங்கள். வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் 1934 இலிருந்து இருக்கிறது. அதற்கு டயக்னோசிஸ் கார்டும் நரம்புச் சோதனை ரிப்போர்ட்டும் வேண்டும், போட்டோ கொப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் கத்தி பட்டாலோ பாம்பு கடித்தாலோ கயிறு, சீலைக் கிழிசல் என்று எதையாவது எடுத்து இறுக்கிக் கட்டுகிறார்கள். பட்டை ஒடுங்க ஒடுங்க நரம்பில் விழும் அழுக்கம் கூடும், ஆஸ்பத்திரிப் பட்டையைவிட இது மோசம். பாம்புக் கடிக்குக் கட்டே வேண்டாம், அசையாமல் வைத்துக் கொண்டுபோனால் போதும். வெட்டுக்கு முதலில் துணியை மடித்து அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தியும் நிற்காமல் பீறிட்டு உயிர் போகிற நிலை என்றால் மட்டும் அகலமான பட்டை; கட்டிய நேரத்தையும் எழுதி அனுப்ப வேண்டும்.

பிளேட்டைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டோம், தொந்தரவு இல்லாவிட்டால் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். வேறெந்தக் காரணத்துக்காவது அம்மா மறுபடி தியேட்டருக்குப் போக நேர்ந்தால் மயக்க டொக்டரிடம் சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கியிருக்கிறோம்: முன்பு டூர்னிகேயால் நரம்பு பாதித்தது, சீனி வருத்தம் உண்டு, அதனால் நரம்பு ஏற்கெனவே மெலிந்திருக்கலாம், கை மெலிந்தது, உள்ளே மெத்தை கூட வைக்க வேண்டும், அகலமான பட்டை, அவருடைய இரத்த ஓட்டத்தை நிறுத்தத் தேவையான அளவை அளந்து அதற்குக் கொஞ்சம் மேலே மட்டும் அழுத்தம், பட்டையே இல்லாமல் மரக்கும் ஊசியோடு அட்ரினலின் கலந்து செய்ய முடியுமா என்று பார்க்கவும். சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கிறது. கிளினிக் கொப்பியின் முன்னட்டை உள்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.